கல்யாணியா, ஜி மேஜரா? – இசை கேள்வி பதில்

கேள்வி: கல்லூரி ஆர்க்கெஸ்ட்ரா ஒன்றுக்காக ஆறு நிமிட இசைத்துண்டு எழுதியிருக்கிறேன். சி மேஜர் கீயில் (சி-யை ஆதார ஸ்வரமாகக் கொண்டு) தொடங்கி, 48-ஆவது பாரில் (தாளக் கட்டத்தில்) ஜி மேஜருக்கு மாற்றியிருக்கிறேன். ஒத்திகையைக் கேட்ட என் வயலின் ஆசிரியர், "சங்கராபரணத்தின் நடுவே கல்யாணி சாயல் வந்து போனது, அழகாக இருந்தது" என்றார். சுருதி மாறியதாகவே அவருக்குத் தோன்றவில்லை. நான் தேர்ந்தெடுத்த கீ தவறா? இன்னும் தொலைவான ஒன்றுக்குப் போயிருக்க வேண்டுமா? ஸ்கோரை இணைத்துள்ளேன்.
– வாசகர், மயிலாப்பூர்

பதில்: உங்கள் ஆசிரியரின் காது மிகச் சரியாகவே கேட்டிருக்கிறது. சி மேஜரின் ஏழு ஸ்வரங்களில் எஃப் ஒன்றை மட்டும் அரை ஸ்வரம் உயர்த்தி எஃப் ஷார்ப்பாக்கினால் ஜி மேஜர் கிடைக்கிறது. அதே மாற்றத்தை, சி-யை ஷட்ஜமாக, அதாவது 'ச'-வாகப் பிடித்துக்கொண்டு கேட்பவருக்கு, சுத்த மத்யமம் (தாழ்ந்த 'ம') போய்ப் பிரதி மத்யமம் (உயர்ந்த 'ம') வந்ததாக, அதாவது சங்கராபரணம் கல்யாணியாக மாறியதாகத்தான் ஒலிக்கும். இரண்டுக்கும் ஸ்வரங்கள் ஒன்றே. கேட்பவர் எதை 'ச' என்று மனத்தில் வைத்திருக்கிறார் என்பதுதான் வேறு. மார்கழிதோறும் தம்புராவைக் கேட்டு வளர்ந்த சென்னைக் காது தன் ஷட்ஜத்தை எளிதில் விட்டுக்கொடுப்பதில்லை. ஆகவே, எந்தப் புதிய கீ என்று தேடுவதற்கு முன்பு, பழைய ஷட்ஜத்திலிருந்து கேட்பவரை விடுவித்தீர்களா என்று பார்க்க வேண்டும்.

உங்கள் ஸ்கோரில் 40 முதல் 55-ஆவது பார் வரை செல்லோக்களும் டபுள் பாஸ்களும் சி-யை நீட்டிப் பிடித்திருக்கின்றன. ஆர்க்கெஸ்ட்ராவுக்குள்ளேயே ஒரு தம்புராவை வைத்துவிட்டீர்கள். மேலே முதல் வயலின்கள் எஃப் ஷார்ப்பைத் தொட்டு ஜி-க்கு ஏறும்போது, கீழே சி அசையாமல் நிற்பதால், அந்த ஏற்றம் 'ம-ப' என்றே கேட்கிறது. அதை 'நி-ச' என்று கேட்க வைப்பதுதான் உங்கள் வேலை.

45-ஆவது பாரிலேயே அந்தச் சி-யை நிறுத்திவிடுங்கள். 46-இல் ஏ மைனர் கார்டை (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டை) கொடுங்கள்; அது சி மேஜரில் ஆறாம் இடத்துக் கார்டு, ஜி மேஜரில் இரண்டாம் இடத்துக் கார்டு, எனவே இரண்டு வீட்டுக்கும் உறவு. 47-இல் டி செவன்த் கார்டு வரட்டும். டி, எஃப் ஷார்ப், ஏ, சி என்ற அந்த நான்கு ஸ்வரங்களில் சி இன்னும் ஒலிக்கிறது, ஆனால் இப்போது அதற்கு நிலைகொள்ள இடமில்லை. எஃப் ஷார்ப்புக்கும் சி-க்கும் இடையே உள்ள இழுப்பு, முன்னது ஜி-க்கு ஏறி, பின்னது பி-க்கு இறங்கினால்தான் தீரும். 47 பார்கள் ஷட்ஜமாக இருந்த சி, இப்படி ஒரு அரை ஸ்வரம் இறங்கிப் புதிய கீயின் காந்தாரத்தில் ('க'-வில்) அடங்கிவிடுகிறது. என் கணிப்பில், இந்த ஒரு இறக்கம்தான் உங்கள் துண்டின் உயிர்நாடி. அதை நடுக்குரல்களில் புதைத்துவிடாமல், இரண்டாம் வயலின்களும் வயோலாக்களும் சேர்ந்து, வில் மாற்றாமல், கேட்கும்படி வாசிக்கட்டும். அதே நேரத்தில் டபுள் பாஸ் டி-யிலிருந்து ஜி-யில் வந்து அமரட்டும். அதன் பிறகு எட்டு பார்களாவது ஜி-யில் தங்குங்கள். நான்கே பாரில் திரும்பிவிட்டால் மீண்டும் கல்யாணி சாயல் என்றுதான் சொல்வார்கள்.

தொலைவான கீ வேண்டுமா என்ற கேள்விக்கு வருகிறேன். தொலைவு மட்டுமே அதிர்ச்சியைத் தருவதில்லை. எவ்வளவு நேரம் காத்திருந்தோம் என்பதும் அதில் சேர்கிறது. இதற்கு பிரெஞ்சு இசையமைப்பாளர் ராவெலின் 'பொலேரோ' என்ற ஆர்க்கெஸ்ட்ரா படைப்பைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரியாது. நம் மியூசிக் அகாதெமி தொடங்கிய அதே 1928-இல் எழுதப்பட்ட அந்தப் படைப்பு, ஏறக்குறைய கால் மணி நேரம் சி-யை ஆதாரமாகக் கொண்டு, ஒரே தாளக்கட்டில், வாத்தியங்களை மட்டும் மாற்றிக்கொண்டே போகிறது. முடிவுக்குச் சற்று முன்பு திடீரென்று ஈ மேஜருக்குத் தாவி, சில பார்களிலேயே சி-க்குத் திரும்பிவிடுகிறது. சி மேஜரின் காந்தாரமாகிய ஈ அங்கே ஷட்ஜமாகிறது. பொதுவான அந்த ஒரு ஸ்வரத்தைத் தவிர வேறு ஆயத்தமே இல்லை. ஆனாலும் கேட்பவர் இருக்கையைப் பற்றிக்கொள்கிறார், ஏனென்றால் அவ்வளவு நேரம் எதுவும் மாறவில்லை. உங்கள் ஆறு நிமிடத்தில் அந்தக் காத்திருப்புக்கு இடமில்லை. ஜி மேஜரையே வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மேற்கத்திய இசையின் கீ மாற்றமும் நம்முடைய கிரக பேதமும் ஒன்றுதானா?
– வாசகி, அடையாறு

பதில்: உறவு உண்டு, ஆனால் ஒன்றல்ல. கிரக பேதத்தில் ஸ்வரங்கள் அப்படியே நிற்க, ஷட்ஜம் மட்டும் நகர்கிறது. மோகனத்தின் ரிஷபத்தை ஷட்ஜமாகக் கொண்டால் மத்யமாவதியும், காந்தாரத்தைக் கொண்டால் ஹிந்தோளமும் பிறக்கின்றன. அதாவது ராகமே வேறாகிவிடுகிறது. மேற்கத்திய முறையிலோ, சி மேஜரிலிருந்து ஜி மேஜருக்குப் போகும்போது சங்கராபரணம் சங்கராபரணமாகவே இருக்க வேண்டும் என்பதால், ஷட்ஜத்தோடு ஒரு ஸ்வரமும் மாறியாக வேண்டியிருக்கிறது. எனினும் கிரக பேதம் பாடிப் பழகியவருக்குப் பெரிய வசதி ஒன்று உண்டு: ஒலித்துக்கொண்டிருக்கும் சுருதிக்கு எதிராக இன்னொரு ஷட்ஜத்தை மனத்தில் நிறுத்தும் பயிற்சி அவரிடம் ஏற்கெனவே இருக்கிறது.

கேள்வி: மெல்லிசைக் கச்சேரிகளில் கடைசிச் சரணத்தை அரைக் கட்டை உயர்த்திப் பாடுவதைப்போல, என் ஆர்க்கெஸ்ட்ரா துண்டின் முடிவைச் சி மேஜரிலிருந்து டி ஃபிளாட் மேஜருக்கு உயர்த்தலாமா? கீபோர்டில் நன்றாக இருக்கிறது.
– வாசகர், பெரம்பூர்

பதில்: கீபோர்டில் நன்றாகத்தான் இருக்கும், அங்கே டிரான்ஸ்போஸ் பொத்தானுக்கு எல்லாச் சுருதியும் ஒன்றே. வயலினுக்கு அப்படியில்லை. அதன் நான்கு தந்திகள் ஜி, டி, ஏ, ஈ. டி மேஜரில் இந்த நான்கும் கீயின் ஸ்வரங்களாகவே அமைவதால், விரல் படாத தந்திகளும் கூடவே அதிர்ந்து ஒலியைப் பெரிதாக்குகின்றன. டி ஃபிளாட் மேஜரிலோ நான்கில் ஒன்றுகூட அந்தக் கீயைச் சேர்ந்ததல்ல. ஒன்றரைக் கட்டைக்கும் (டி ஃபிளாட்) இரண்டு கட்டைக்கும் (டி) நடுவில் இவ்வளவு வேறுபாடு இருக்கிறது.

இதை நான் அனுபவத்தில் கற்றேன். பல ஆண்டுகளுக்கு முன் வடபழனியில் ஓர் ஒலிப்பதிவுக்காக, உச்சகட்டத்தை டி ஃபிளாட்டுக்கு உயர்த்தி எழுதிக்கொண்டு போனேன். பன்னிரண்டு வயலின்களும் ஒரே மூச்சில் ஏறிய இடத்தில், ஒளி கூடுவதற்குப் பதிலாக, யாரோ கூடத்தின் மீது ஜமுக்காளத்தைப் போர்த்தியதுபோல் ஒலி மங்கியது. மூத்த வயலின் கலைஞர் ஒருவர் ஒன்றும் சொல்லாமல் தம் வாத்தியத்தின் திறந்த தந்திகளை ஒவ்வொன்றாக மீட்டிக் காட்டினார். அன்று இடைவேளையில் பென்சிலை எடுத்து அனைத்தையும் டி மேஜருக்கு மாற்றி எழுதினேன்.

மங்கலான, உள்ளடங்கிய ஒலிதான் நோக்கம் என்றால் டி ஃபிளாட்டைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். அந்தக் கீக்கு வெல்வெட் போன்ற தனி அழகு உண்டு. வெளிச்சம் வேண்டுமென்றால் டி-க்குப் போங்கள். சி மேஜரிலும் டி மேஜரிலும் உள்ள ஈ மைனர் கார்டு வழியாக ஏ செவன்த்துக்கும், அங்கிருந்து டி-க்கும் இரண்டே பாரில் வந்துவிடலாம். கிளாரினெட் வாசிப்பவர்களை மட்டும் மறக்க வேண்டாம்; அவர்களுக்குத் தாளில் எழுதும் ஸ்வரம் ஒன்று, ஒலிக்கும் ஸ்வரம் வேறு: பி ஃபிளாட் கிளாரினெட்டுக்கு உங்கள் டி மேஜர், நான்கு ஷார்ப் கொண்ட ஈ மேஜராகத் தாளில் விழும். அவர்களிடம் ஏ கிளாரினெட் இருந்தால் அதுவே ஒரே ஃபிளாட் உள்ள எஃப் மேஜராகிவிடும். ஆனால் வாத்தியத்தை மாற்றி, ஊதிச் சூடேற்ற அவர்களுக்கு நேரம் வேண்டும். அதற்கு முன்பு பத்துப் பன்னிரண்டு பார்களாவது ஓய்வு விட்டு எழுதுங்கள்.