கேமராவில் பதிந்த சங்கிலிப் பறிப்பு: போலீசிடம் கொடுத்தால் நமக்குச் சிக்கல் வருமா?

கேள்வி: எங்கள் வீட்டு வாசலில் சிசிடிவி கேமரா இருக்கிறது. நான்கு நாட்களுக்கு முன், தெருவில் நடந்துபோன ஒரு அம்மாவின் சங்கிலியை பைக்கில் வந்த இருவர் பறித்துச் சென்றது அதில் பதிவாகியிருக்கிறது. போலீசார் வந்து பதிவைக் கேட்டார்கள். கொடுக்க எனக்கு விருப்பம்தான். ஆனால், ‘ஸ்டேஷன், கோர்ட் என்று அலையவிடுவார்கள், திருடர்களும் நம்மைத் தேடி வருவார்கள்’ என்று மாமியார் பயப்படுகிறார். பக்கத்து வீட்டுக்காரரோ வீடியோவைத் தெரு வாட்ஸ்அப் குழுவில் போடச் சொல்கிறார். என்ன செய்வது?

பதில்: அன்புள்ள சகோதரி, தயங்காமல் கொடுங்கள். சங்கிலிப் பறிப்பு சில நொடிகளில் முடிந்துவிடும். பறிகொடுத்தவருக்கு முகம்கூடச் சரியாக நினைவிருக்காது. அந்த அம்மாவுக்கு உங்கள் கேமராதான் ஒரே சாட்சியாக இருக்கலாம்.

முதலில் மாமியாரின் பயத்துக்கு வருகிறேன். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 179-வது பிரிவுப்படி, விசாரணைக்காக ஒரு பெண்ணை அவர் வசிக்கும் இடத்தைத் தவிர வேறு எங்கும் வரச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. போலீசார்தான் உங்கள் வீட்டுக்கு வர வேண்டும். 60 வயதைத் தாண்டிய ஆண்களுக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும் இதே பாதுகாப்பு உண்டு. நீங்களே விரும்பி ஸ்டேஷனுக்குப் போவது வேறு விஷயம். நீங்கள் சொல்வதை அவர்கள் எழுதிக்கொள்ளலாம், ஆனால் அந்த வாக்குமூலத்தில் உங்கள் கையெழுத்தை வாங்கக் கூடாது. கோர்ட்டைப் பொறுத்தவரை, சம்மன் வந்தால் போய்த்தான் ஆக வேண்டும். வழக்கமாக, இந்தப் பதிவு உங்கள் கேமராவில் இருந்து எடுத்ததுதானா என்பதைச் சுற்றித்தான் கேள்விகள் வரும்.

திருடர்களுக்கு உங்கள் பெயர் தெரியவே தெரியாது என்று நான் சொல்ல மாட்டேன். நீங்கள் சாட்சியாகச் சேர்க்கப்பட்டால், குற்றப்பத்திரிகையோடு வாக்குமூலத்தின் நகலும் எதிர்த்தரப்புக்குப் போகும். அதே சமயம், பொய் சாட்சி சொல்லச் சொல்லி யாராவது மிரட்டினால் அதுவே தனிக் குற்றம். பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தின் 232-வது பிரிவில் ஏழு ஆண்டுகள் வரை சிறை. மிரட்டல் வந்த அன்றே எழுத்தில் புகார் கொடுங்கள். உச்ச நீதிமன்றம் 2018-ல் ஏற்றுக்கொண்ட சாட்சிகள் பாதுகாப்புத் திட்டத்தின் கீழும் பாதுகாப்பு கேட்டு மனு செய்யலாம்.

இனிதான் முக்கியமான விஷயம். நல்ல மனதோடு கொடுத்த பதிவு, கொடுத்த விதத்தால் கோர்ட்டில் பலன் இல்லாமல் போவது உண்டு. டிவிஆரில் (கேமரா காட்சிகளைப் பதியும் பெட்டி) இடம் நிரம்பியதும் பழைய பதிவு தானாக அழிந்து, புதியது அதன் மேல் ஏறிவிடும். நான்கு நாள் ஆகிவிட்டது என்கிறீர்கள், ஆகவே இன்றே ஒரு பென்டிரைவில் நகல் எடுத்து வையுங்கள். சம்பவத்துக்கு முன்னும் பின்னும் உள்ள சில நிமிடங்களும் சேர்ந்திருக்கட்டும். வெட்டுவது, முகத்தைச் சுற்றி வட்டம் போடுவது எதுவும் வேண்டாம். போலீசாருக்கே ஆனாலும் வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பாதீர்கள். அது கோப்பைச் சுருக்கிவிடும், அசல் கோப்பு அப்படியே போய்ச் சேராது.

நகலைக் கோர்ட் ஏற்க வேண்டுமானால் பாரதிய சாக்ஷிய அதினியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவின் கீழ் ஒரு சான்று வேண்டும். இந்தச் சான்று கட்டாயம் என்று 2020-ல் உச்ச நீதிமன்றமும் (பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவு குறித்து) உறுதியாகச் சொல்லியிருக்கிறது. அந்தப் படிவத்தில் ஒரு பகுதி கருவியைப் பொறுப்பில் வைத்திருப்பவருக்கு, இன்னொன்று நிபுணருக்கு. கோப்பின் ஹாஷ் மதிப்பும் அதில் வரும். கோப்பின் கைரேகை போன்ற எண் அது. ஒரு நொடிக் காட்சியை மாற்றினாலும் எண் மாறிவிடும். படிவத்தைப் போலீசாரே கொண்டு வருவார்கள், படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

டிவிஆரையே கேட்டால்? பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 94-வது பிரிவின் கீழ் எழுத்துப்பூர்வமாகக் கேளுங்கள் என்று பணிவாகச் சொல்லலாம். கொடுக்கும்போது மாடலும் சீரியல் நம்பரும் குறித்த மகஜரின் (பொருளைக் கைப்பற்றியதாகப் போலீசார் எழுதும் பதிவு) நகலை வாங்கிக்கொள்ளுங்கள். பின்னால் கருவியைத் திரும்பப் பெற கோர்ட்டில் மனு போடும்போது அது கைகொடுக்கும்.

அப்புறம் அந்த வாட்ஸ்அப் குழு. தயவுசெய்து வேண்டாம். பிடிபட்டவரை அடையாள அணிவகுப்பில் நிறுத்தி, அந்த அம்மாவை அடையாளம் காட்டச் சொல்வார்கள். அதற்குள் அந்த முகம் ஊர் முழுக்கச் சுற்றியிருந்தால், ‘வீடியோவில் பார்த்த முகத்தைத்தான் காட்டினார்’ என்று எதிர்த்தரப்பு வக்கீல் வாதிடுவார், அந்த வாதம் எடுபடவும் செய்யும். அதோடு, அதே நேரத்தில் சும்மா அந்த வழியாக பைக்கில் போன ஒருவரைத் தெருவே திருடன் என்று முடிவு கட்டிவிடலாம். பக்கத்து வீட்டுக்காரருக்கு உதவும் எண்ணம் இருந்தால், அவர் கண்ணால் பார்த்தது ஏதாவது இருந்தால், அதைப் போலீசாரிடம் சொல்லட்டும்.

கடைசியாக ஒன்று. உங்கள் கேமராவில் ஓடும் நேரமும் நிஜ நேரமும் ஒன்றுதானா என்று இன்றே பாருங்கள். பத்து நிமிடம் முன்பின்னாக இருந்தால் சரிசெய்யாதீர்கள். எவ்வளவு வித்தியாசம் என்று குறித்து வைத்து, வரும் அதிகாரியிடம் காட்டுங்கள். அவர் பார்க்கும்வரை அது அப்படியே இருக்கட்டும்.