600 விஏ இன்வெர்ட்டரில் 600 வாட் ஏன் வராது? ஏ.சி. மின்சார அளவுகள்: கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, 600 விஏ இன்வெர்ட்டர் வாங்கினேன். 480 வாட்டுக்கு மேல் போடாதே என்கிறார் கடைக்காரர். மீதி 120 எங்கே போச்சு?

பதில்: கடைக்காரர் ஏமாற்றவில்லை. வோல்டேஜையும் கரண்டையும் தனித்தனியாக அளந்து பெருக்கினால் வருவது விஏ (வோல்ட்-ஆம்பியர்), அவ்வளவுதான். மோட்டார், சோக் மாதிரி காயில் உள்ள சாமானில் வோல்டேஜ் உச்சிக்குப் போன பிறகுதான் கரண்ட் உச்சிக்கு வரும், அதனால் பெருக்கி வந்ததில் ஒரு பங்குதான் உண்மையில் வேலை செய்கிறது, அதுதான் வாட். இந்த விகிதத்துக்குப் பெயர் பவர் ஃபேக்டர், அதற்கு யூனிட்டே கிடையாது. உங்கள் பெட்டிக்கு 0.8 என்று வைத்திருக்கிறார்கள்.

கேள்வி: அப்போ மிச்சம் 120தான் ‘வார்’ என்பதா?

பதில்: இல்லை, இங்கேதான் பலரும் வழுக்குகிறார்கள். நேராகக் கழிக்கக் கூடாது. ஒரு செங்கோண முக்கோணம் போடுங்கள், கர்ணம் 600, ஒரு பக்கம் 480, இன்னொரு பக்கம் 360 வரும். அந்த 360தான் வார் (வோல்ட்-ஆம்பியர் ரியாக்டிவ்), காயிலுக்குப் போய்த் திரும்பி வந்துகொண்டே இருக்கும் பவர். ருமேனியப் பொறியாளர் கான்ஸ்டான்டின் புடேயானு முன்மொழிந்த பெயர் இது, 1930இல் ஸ்டாக்ஹோமில் ஏற்றுக்கொண்டார்கள். பரிமாணப்படி விஏ, வாட், வார் மூன்றும் ஒன்றுதான், ஆனால் மூன்றையும் வாட் என்றே எழுதியிருந்தால் நம் கதி என்ன ஆகியிருக்கும்! வீட்டு ஈ.பி. பில்லில் வருவது கிலோவாட் மணி மட்டும். பெரிய ஆலைகளுக்கு கேவிஏ டிமாண்டுக்கும் காசு உண்டு, அவர்கள் கெபாசிட்டர் பேங்க் வைப்பது அந்தக் கேவிஏவைக் குறைக்கத்தான்.

கேள்வி: ஃபேன் கெபாசிட்டரில் 2.5 மைக்ரோஃபாரட், 440 வோல்ட் என்று இருக்கிறது. வீட்டில் 230தானே சார்?

பதில்: 230 என்பது ஆர்.எம்.எஸ்., அதாவது ஏறி இறங்கும் வோல்டேஜுக்கு, அதே சூட்டைத் தரும் டி.சி. அளவு; உச்சம் 325 வரை போகும். ஆனால் 440க்கு அது காரணமில்லை, ஏனென்றால் அந்த 440ம் ஆர்.எம்.எஸ்.தான். கெபாசிட்டர் ஃபேனின் ஒரு வைண்டிங்கோடு (கம்பி சுற்றிய காயிலோடு) சீரிஸில் இருக்கிறது, அதனால் அதன் இரு முனைக்கு நடுவில் வோல்டேஜ் 230ஐத் தாண்டிவிடும். 250 வோல்ட் கெபாசிட்டர் சும்மா கிடைக்கிறது என்று போட்டுவிடாதீர்கள்.

கேள்வி: பழைய புத்தகத்தில் ‘மோ’ என்று ஒரு யூனிட்?

பதில்: கரண்ட் எவ்வளவு எளிதாகப் போகும் என்பதன் யூனிட், ஓமுக்குத் தலைகீழ்; அதனால் ஓம் என்பதை ஆங்கிலத்தில் திருப்பி எழுதியது. இப்போது சீமென்ஸ், 1971 முதல்.

கேள்வி: அரை எச்.பி. மோட்டார் வைண்டிங் மீட்டரில் 5 ஓம் காட்டுகிறது. ஓம் விதிப்படி 46 ஆம்பியர் வரணும், 3தான் ஓடுகிறது. மீட்டர் பழுதா?

பதில்: மீட்டர் சரி. அது பேட்டரியின் டி.சி.யால் அளக்கிறது, கம்பியின் ரெசிஸ்டன்ஸ் மட்டும்தான் அதற்குத் தெரியும். ஏ.சி.யில் காயிலின் ரியாக்டன்ஸும் சேர்ந்து தடுக்கும், சுழலும் மோட்டார் எதிர் வோல்டேஜும் உண்டாக்கும். எல்லாம் சேர்ந்து 230ஐ 3ஆல் வகுத்தால் சுமார் 77 ஓம், இதுவும் ஓமில்தான், ஆனால் பெயர் இம்பீடன்ஸ். மோட்டார் சிக்கிக்கொண்டால் எதிர் வோல்டேஜ் போய்விடும், கரண்ட் பல மடங்கு ஏறும். நான்கு மாதம் சும்மா கிடந்த என் மோனோபிளாக் பம்ப் மோட்டார் ‘உம்ம்’ என்று உறுமியதை நான் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றேன், வார்னிஷ் நாற்றம் வந்தபோது வைண்டிங் முடிந்திருந்தது. நாள் கழித்துப் போடும்போது பிளக்கைக் கழற்றிவிட்டு, ஷாஃப்ட்டைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள்.