ஆடி மழையிலும் மொறுமொறு சிப்ஸ்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

மாட்டுங்காவில் 22 ஆண்டுகளாக வீட்டிலேயே வறுவல் வகைகளைப் பொரித்து அக்கம்பக்கத்தாருக்குக் கொடுத்து வருகிறேன். சிப்ஸ், துக்கடா பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள் என்று நம் குடியிருப்புப் பெண்களிடமும் மற்ற பகுதித் தமிழர்களிடமும் சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் பாதி மழையைப் பற்றியவை. ஆடி மாதத்து மும்பையில் அது நியாயம்தான்.

அக்கா, உருளைக்கிழங்கு சிப்ஸ் மொறுமொறுப்பாகும் முன்பே கறுத்துவிடுகிறது. தீயைக் குறைத்தாலும் அப்படித்தான். எண்ணெயில் கோளாறா? (செம்பூர்)

எண்ணெயில் இல்லை, கிழங்கில்தான் கோளாறு. குளிர்பதனக் கிடங்கில் கிடந்த உருளைக்கிழங்கில் மாவுச்சத்து சிறிது சிறிதாகச் சர்க்கரையாக மாறிவிடும். அந்தச் சர்க்கரைதான் சூட்டில் கறுக்கிறது. வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தாலும் இதே கதிதான். தயவுசெய்து உருளைக்கிழங்கை அதற்குள் வைக்காதீர்கள். வாங்கிய கிழங்கை வெளிச்சம் படாத, காற்றோட்டமான இடத்தில் இரண்டு மூன்று வாரம் பரப்பி வைத்தால் சர்க்கரை ஓரளவு குறையும். அவசரமென்றால், சீவிய வில்லைகளைக் கொதிக்காத வெந்நீரில் இரண்டு நிமிடம் போட்டு எடுத்து, ஈரம் போகத் துணியில் உலர்த்திப் பொரியுங்கள். சர்க்கரையில் ஒரு பங்கு அந்த நீரோடு போய்விடும்.

கிழங்கைத் தேர்ந்தெடுக்க நான் செய்யும் சோதனை ஒன்று உண்டு. ஒரு லிட்டர் தண்ணீரில் 120 கிராம் உப்பைக் கரைத்து, கழுவிய கிழங்குகளை அதில் போடுங்கள். மூழ்குபவை மாவு நிறைந்தவை. சிப்ஸுக்கு அவைதான் வேண்டும். மிதப்பவற்றில் நீர் அதிகம், குழம்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். சிம்லாவிலுள்ள மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிறுவனம் சிப்ஸுக்கென்றே உருவாக்கி 1998-இல் வெளியிட்ட ரகத்துக்கு குஃப்ரி சிப்சோனா என்று பெயர். எப்போதாவது கண்ணில் பட்டால் விடாதீர்கள்.

கறுத்ததைச் சாப்பிடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். மாவுப் பொருள்கள் 120 டிகிரிக்கு மேல் சூடாகும்போது அக்ரிலமைடு என்ற வேண்டாத பொருள் உண்டாகிறது என்று 2002-இல் ஸ்வீடனில் கண்டறிந்தார்கள். நிறம் கறுக்கக் கறுக்க அதுவும் கூடும். வெளிர்பொன் நிறத்தில் எடுத்துவிடுங்கள்.

வில்லைகள் எண்ணெயில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. (டோம்பிவிலி)

மேலே படிந்திருக்கும் மாவுதான் பசையாகிறது. தண்ணீர் தெளியும்வரை மூன்று முறை அலசித் துணியில் ஒற்றி எடுங்கள். கையளவு அள்ளிக் கொட்டாமல் ஒவ்வொன்றாகப் போடுங்கள்.

மிளகாய்த்தூள் சிப்ஸில் ஒட்டுவதில்லை, எல்லாம் டப்பாவின் அடியில் தங்கிவிடுகிறது. (தாராவி)

ஆறிய பிறகு தூவுகிறீர்கள். எண்ணெயிலிருந்து எடுத்த அரை நிமிடத்துக்குள், மேற்பரப்பில் எண்ணெய்ப் பசை இருக்கும்போதே தூவிக் குலுக்க வேண்டும். ஆகவே, அடுப்பைப் பற்றவைக்கும் முன்பே மசாலா பக்கத்தில் தயாராக இருக்கட்டும். கால் கிலோ சிப்ஸுக்கு ஒரு தேக்கரண்டி மிளகாய்த்தூள், அரைத் தேக்கரண்டி உப்பு, அரைத் தேக்கரண்டி மாங்காய்த்தூள், இரண்டு சிட்டிகைப் பெருங்காயம். எல்லாவற்றையும் மிக்ஸியில் ஒரு சுற்றுச் சுற்றி மாவாக்கிக்கொள்ளுங்கள். கரடுமுரடான தூள் நிற்காது. பொரித்து நொறுக்கிய கறிவேப்பிலையை நான் தவறாமல் சேர்ப்பேன். வாசனையிலேயே நம் வீட்டுச் சிப்ஸ் என்று தெரிந்துவிடும். நிறத்துக்கு பியாட்கி மிளகாய் போதும். சிவப்பு கூடுதல், காரம் குறைவு.

நேந்திரம் சிப்ஸுக்கு எண்ணெயிலேயே உப்புத்தண்ணீர் விடுவார்களாமே? கேட்கவே பயமாக இருக்கிறது. (முலுண்ட்)

பயம் இருப்பது நல்லது. கேரளத்து முறை அது. சூடான எண்ணெயில் விழுந்த நீர் நொடியில் ஆவியாகிப் போக, உப்பு மட்டும் எல்லா வில்லைகளிலும் மெல்லப் படிகிறது. தூவும் உப்பால் அந்தச் சமச்சீர் வருவதில்லை. அரைக் கப் தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி உப்பும் சிறிது மஞ்சளும் கரைத்துக்கொள்ளுங்கள். வறுவல் முக்கால் பங்கு வெந்ததும் தீயைக் குறைத்து, ஒரு தேக்கரண்டி, ஒரே ஒரு தேக்கரண்டி மட்டும், ஓரமாக விட்டுவிட்டு விலகி நில்லுங்கள். எண்ணெய் பொங்கிச் சீறும். வாணலியில் பாதிக்கு மேல் எண்ணெய் இருக்கக் கூடாது. குழந்தைகள் சமையலறைக்குள் வரவே கூடாது. கைநடுக்கம் இருந்தால் இந்த முறையை விட்டுவிட்டுத் தூளுப்பே தூவுங்கள், ருசி ஒன்றும் கெட்டுவிடாது.

நன்கு முற்றிய காய் மாட்டுங்கா கடைகளில் கிடைக்கும். தோல் சீவும் முன் கையில் எண்ணெய் தடவிக்கொண்டால் கறை பிடிக்காது. பொரிக்கத் தேங்காய் எண்ணெய்தான். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அம்மா, நான் வாஷியில் நண்பர்களோடு அறை எடுத்துத் தங்கியிருக்கிறேன். சிப்ஸ் கட்டை இல்லை. எளிதாக ஏதாவது சொல்லுங்கள்.

தம்பி, காரத் துக்கடா செய்யுங்கள். இரண்டு கப் மைதா, இரண்டு மேசைக்கரண்டி ரவை, ஒரு தேக்கரண்டி மிளகாய்த்தூள், ஒரு தேக்கரண்டி எள், அரைத் தேக்கரண்டி ஓமம், முக்கால் தேக்கரண்டி உப்பு. இதில் மூன்று மேசைக்கரண்டி எண்ணெயைக் காய்ச்சி ஊற்றிக் கரண்டியால் கிளறி, சூடு பொறுக்கும் அளவுக்கு ஆறியதும் விரல்களால் நன்றாகப் பிசிறுங்கள். ஒரு பிடி அள்ளி அழுத்தினால் கொழுக்கட்டைபோல் நிற்க வேண்டும். அந்த எண்ணெய் மாவைச் சூழ்ந்துகொள்வதால் மாவு ரப்பராக இழுபடாது, கடித்தால் உதிரும். எண்ணெயை அள்ளி ஊற்றினாலோ பொரிக்கும்போதே பிரிந்துவிடும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் தெளித்துப் பூரி மாவைவிடக் கெட்டியாகப் பிசைந்து, இருபது நிமிடம் மூடி வையுங்கள். தேய்க்கக் கட்டை இல்லையென்றால் கண்ணாடிப் பாட்டில் போதும். மெல்லியதாகத் தேய்த்து, முள்கரண்டியால் எங்கும் குத்தி, கத்தியால் சாய்சதுரங்களாக வெட்டுங்கள்.

பொரிப்பது சிறு தீயில். ஒரு துண்டைப் போட்டால் அடியில் போய் மெதுவாக மேலே வர வேண்டும். சட்டென்று மிதந்து உப்பினால் எண்ணெய் அதிகம் காய்ந்துவிட்டது. வெளியே சிவந்து உள்ளே ஈரம் தங்கி, மறுநாளே மெத்தென்று ஆகிவிடும். மராத்தி வீடுகளில் செய்யும் சங்கர்பாளி இதன் இனிப்பு உறவினர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

காலையில் மொறுமொறுவென்று இருந்தது மாலையில் நமுத்துப்போகிறது. மழைக்காலத்தில் சிப்ஸே போடக் கூடாதா அக்கா? (பாண்டுப்)

தாராளமாகப் போடலாம். உருளைக்கிழங்கில் ஏறத்தாழ 80 சதவீதம் நீர். நல்ல சிப்ஸில் அது 2 சதவீதத்துக்குள் வந்துவிட வேண்டும். எண்ணெயில் கேட்கும் சடசடப்பு அந்த நீர் வெளியேறும் சத்தம்தான். நிறத்தை மட்டும் பார்க்காமல் காதையும் கொடுங்கள். சத்தம் அடங்கி, நுரை ஓய்ந்து, ஜல்லிக்கரண்டியில் அள்ளினால் கலகலவென்று உரச வேண்டும். பலர் சத்தம் ஓயும் முன்பே அவசரப்பட்டு எடுத்துவிடுகிறார்கள்.

அடுத்த தவறு ஆறவைப்பதில். சூட்டோடு மூடினால் அதன் ஆவியே அதை நனைத்துவிடும். மணிக்கணக்கில் திறந்து வைத்தாலோ மழைக்காற்றின் ஈரத்தை உப்பு இழுத்துக்கொள்ளும். கம்பிவலைத் தட்டில் பரப்பி, கை வைத்தால் சூடு தெரியாத நிலை வந்ததும், பெரும்பாலும் இருபது நிமிடத்தில், இறுக மூடும் எவர்சில்வர் சம்படத்தில் அடையுங்கள். ஒரே பெரிய டப்பாவைப் பத்து முறை திறப்பதைவிட நான்கு சிறிய டப்பாக்கள் மேல். செய்தித்தாளில் கொட்டி எண்ணெய் வடிக்காதீர்கள், அச்சு மை உணவில் ஏறும். நமுத்ததைத் தூக்கி எறியவும் வேண்டாம். அடுப்பெட்டியில் 120 டிகிரியில் ஐந்து நிமிடம் வைத்து ஆறவிட்டால் மொறுமொறுப்பு திரும்பும்.

பொரித்த எண்ணெயை எத்தனை முறை பயன்படுத்தலாம்? (சயான்)

ஒருமுறை வடிகட்டி, இரண்டு மூன்று நாளுக்குள் தாளிக்கப் பயன்படுத்தித் தீர்த்துவிடுவேன். மறுபடி பொரிப்பதில்லை. எண்ணெயில் கெட்டுப்போன கூறுகள் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி 2018 ஜூலை முதல் கடைக்காரர்களுக்கே இருக்கிறது. நம் பிள்ளைகளுக்குப் பொரிக்கும் நாம் அதைவிடக் கண்டிப்பாக இருக்க வேண்டாமா? கறுத்து, நுரைத்து, சிக்கு வாடை அடித்தால் யோசிக்கவே யோசிக்காதீர்கள்.

மரவள்ளிக்கிழங்குச் சிப்ஸ் சில சமயம் கசக்கிறது. (தானே)

கசந்தால் துப்பிவிட்டு மொத்தத்தையும் கொட்டிவிடுங்கள். அந்தக் கிழங்கில் நச்சுத்தன்மை அதிகம் என்பதற்குக் கசப்பே அடையாளம். நல்ல கிழங்கானாலும் உள்தோலோடு சேர்த்து முழுவதும் உரித்து, சீவித் தண்ணீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிய பிறகே பொரியுங்கள்.

வெயிலில் காயவைக்கும் உருளைக்கிழங்கு வற்றல் இப்போது போடலாமா? (ஆண்டாப் ஹில்)

இப்போது போட்டால் பூஞ்சைதான் பிடிக்கும். மராத்தியப் பெண்கள் வாளவண் என்று ஆண்டு முழுவதற்கும் காயவைப்பதெல்லாம் கோடையில்தான். ஏப்ரல் வரட்டும். உப்புத்தண்ணீரில் அரைவேக்காடாக வேகவைத்து, மொட்டை மாடியில் இரண்டு மூன்று நாள் வெயில் காட்டினால் கண்ணாடிபோல் காயும். எங்கள் மாடியில் இடம் இருக்கிறது, உங்கள் கிழங்கையும் கொண்டு வாருங்கள்.