பக்கத்து இருக்கையில் இரண்டாயிரம் கிலோமீட்டர்

அம்மா, வணக்கம்.

எனக்கு 33 வயது. சொந்த ஊர் குடியாத்தம். கல்யாணமாகி ஏழு வருடம். வேலூர் சத்துவாச்சாரியில் வாடகை வீட்டில் இருந்தோம். அவர் ராணிப்பேட்டையில் தோல் பதனிடும் ஒரு டேனரியில் ஃபினிஷிங் சூப்பர்வைசர். நான் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் எட்டு வருடம் குவாலிட்டி செக்கிங் பார்த்தேன். குழந்தை இல்லை. அதைப் பற்றி இந்தக் கடிதத்தில் எழுதப் போவதில்லை.

போன செப்டம்பரில் ஒரு ராத்திரி சாப்பிட்டுக்கொண்டே, "கான்பூர்ல வேலை கிடைச்சிருக்கு, வர்றேன்னு சொல்லிட்டேன்" என்றார். ஜாஜ்மாவில் ஒரு டேனரி. இங்கே வாங்கியதைவிட ஒன்றரை மடங்கு சம்பளம். நான் தட்டைப் பார்த்துக்கொண்டு "எப்போ போகணும்?" என்று மட்டும் கேட்டேன். அடுத்த மாதம் வேலையை எழுதிக் கொடுத்துவிட்டேன்.

சாமான்கள் லாரியில் போயின. அங்கே போய் வண்டி வேண்டுமே என்று நாங்கள் காரிலேயே கிளம்பினோம். ஐப்பசி மழை. விடியற்காலை 4 மணிக்குக் காட்பாடி வழியாகச் சித்தூர், அப்புறம் கடப்பா, கர்நூல், முதல் ராத்திரி ஹைதராபாத். இரண்டாம் நாள் நாக்பூர். மூன்றாம் நாள் சாகர். நான்காம் நாள் ஜான்சி வழியாகக் கான்பூர். ஏறக்குறைய 2,000 கிலோமீட்டர்.

என் காலடியில் ஒரு பெயின்ட் வாளியில் கறிவேப்பிலைக் கன்று இருந்தது. குடியாத்தம் வீட்டுக் கொல்லையில் இருக்கும் மரத்தடியிலிருந்து அம்மா எடுத்து நட்டுக் கொடுத்தது. நாங்கள் கிளம்பும்போது அம்மா இறந்து பதினோரு மாதம். இரண்டாம் நாள் நிர்மல் என்ற ஊரைத் தாண்டி டீக்கு நிறுத்தியபோதுதான் வாளி இல்லை என்று கவனித்தேன். காலை நீட்ட இடமில்லாமல் நான் கஷ்டப்படுகிறேன் என்று ஹைதராபாத் லாட்ஜ் பார்க்கிங்கிலேயே இறக்கி வைத்துவிட்டாராம். சொல்ல மறந்துவிட்டாராம். திரும்பிப் போகலாம் என்றேன். "ஒரு செடிக்காக இருநூறு கிலோமீட்டரா?" என்றார். அதற்கப்புறம் நாக்பூர் வரை நான் பேசவில்லை. நாக்பூருக்குப் பிறகு அவர் பேசவில்லை.

எனக்கு லைசன்ஸ் இருக்கிறது. நானும் கொஞ்சம் ஓட்டுகிறேன் என்று கேட்டபோதெல்லாம் "ஹைவே உனக்குச் சரிப்படாது" என்றார். பெஞ்ச் புலிகள் காப்பகக் காட்டுப் பக்கம் சாலைக்கு இருபுறமும் தடுப்பு வைத்து, கீழே விலங்குகள் போக வழி விட்டிருந்தார்கள். பாருங்களேன் என்று காட்டினேன். "ம்" என்றார். சிவனி தாண்டியதும் அவருக்கு முதுகு பிடித்துக்கொண்டது. வேறு வழியில்லாமல் நான் ஓட்டினேன், நர்மதைப் பாலம் வரை. அவர் தூங்கிவிட்டார். முழித்ததும் மறுபடி சாவியை வாங்கிக்கொண்டார்.

வந்து மூன்று மாதம் ஆகிறது. சண்டை இல்லை, பேச்சும் இல்லை. கார்த்திகையில் அம்மாவின் வருடத் திதி வந்தது. அவருக்கு லீவு கிடைக்கவில்லை. என்னைத் தனியாக அனுப்பவும் மனசில்லை. தம்பி போனில் காட்டியதைப் பார்த்தேன். பொங்கலுக்கும் போகவில்லை. 26 அட்டைப்பெட்டிகளில் 11 இன்னும் பிரிக்காமலே இருக்கின்றன. மூன்று மணிக்கு முழிப்பு வந்துவிடுகிறது. ஜன்னலைத் திறந்தால் பனிமூட்டம், அதில் தோல் வாசனை. அது ஒன்றுதான் நம்ம ஊர் மாதிரி இருக்கிறது.

அப்பா "வந்துடும்மா" என்கிறார். போய்விடவா? இல்லை, பொறுத்தால் சரியாகிவிடுமா?

— கான்பூரிலிருந்து ஒரு வாசகி


அன்புச் சகோதரிக்கு,

நர்மதைப் பாலத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். அந்த இரண்டு மூன்று மணி நேரத்தை நாலே வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். எனக்கு அதைத் தாண்டிப் போக முடியவில்லை. ஹைவே உங்களுக்குச் சரிப்படாது என்று மூன்று நாள் சொன்ன மனிதர், அதே ஹைவேயில், லாரிகளுக்கு நடுவே, உங்கள் கையில் வண்டியைக் கொடுத்துவிட்டுத் தூங்கியிருக்கிறார். பயம் இருந்தால் முதுகு எவ்வளவு வலித்தாலும் தூக்கம் வராது. உங்களால் முடியும் என்று அவர் உடம்புக்குத் தெரிந்திருக்கிறது, வாய்க்கு வரவில்லை. இதை அவருக்காக வாதாடச் சொல்லவில்லை. இந்த உறவில் இன்னும் என்ன மிச்சம் இருக்கிறது என்று தேடியபோது என் கண்ணில் முதலில் பட்டது இதுதான்.

அப்புறம் அந்தச் செடி. அதில் தவறு அவருடையது. காலுக்கு இடம் வேண்டும் என்ற நல்லெண்ணம் இருந்திருக்கலாம். ஆனால் உங்கள் பொருளை உங்களைக் கேட்காமல் இறக்கிவிட்டு, தெரிந்த பிறகு "ஒரு செடிக்காக" என்றும் சொல்லியிருக்கிறார். மன்னிப்புக் கேட்க வேண்டிய விஷயம் அது. சின்ன விஷயத்துக்குப் போய் இப்படி ஆகிவிட்டோமோ என்று நீங்கள் உங்களையே குறை சொல்லிக்கொண்டிருந்தால், தயவுசெய்து நிறுத்திவிடுங்கள்.

ஆனால் உங்கள் மனசில் இருக்கும் கசப்பு நிர்மல் டீக்கடையில் பிறந்ததாக எனக்குத் தோன்றவில்லை. செப்டம்பரில் அந்தச் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் பிறந்தது. கான்பூர் போகலாமா என்று உங்களை யாரும் கேட்கவில்லை. எட்டு வருட வேலையை விடலாமா என்று கேட்கவில்லை. கறிவேப்பிலையை இறக்கலாமா என்று கேட்கவில்லை. ஸ்டியரிங்கும் அப்படித்தான், திதிக்குப் போவதும் அப்படித்தான். ஒரே காரியம் ஐந்து முறை நடந்திருக்கிறது. முதல் முறை நீங்கள் "எப்போ போகணும்?" என்று கேட்டுவிட்டு நிறுத்திக்கொண்டீர்கள். அவர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டிருப்பார். நம் வீடுகளில் பெண்ணின் மௌனத்தைச் சம்மதமாக வாசிக்கும் பழக்கம் ஆழமாக ஊறியிருக்கிறது. அதற்கு நீங்கள் மட்டும் பொறுப்பில்லை. ஆனால் உங்களுக்கு அந்த ஊர் பிடிக்கவில்லை என்று இன்றுவரை அவருக்கு யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை என்பதும் உண்மை.

தாமஸ் ஹோம்ஸ், ரிச்சர்ட் ரே என்ற இரண்டு மனநல மருத்துவர்கள் 1967-இல் ஒரு பட்டியல் போட்டார்கள். வாழ்க்கையில் வரும் 43 மாற்றங்களுக்கு, அவை நம்மை எவ்வளவு உலுக்குகின்றன என்று மதிப்பெண் கொடுத்தார்கள். வீடு மாறுவதற்கு 20தான். ஆனால் உங்கள் கணக்கைப் பாருங்கள். நெருங்கிய உறவின் மரணம் 63. கணவனோ மனைவியோ வேலைக்குப் போவது அல்லது வேலையை விடுவது 26. வாழும் சூழல் மாறுவது 25. நான்கு பேரோடு பழகும் வழக்கம் மாறுவது 18. ஒரு வருடத்துக்குள் வந்தவற்றைக் கூட்ட வேண்டும். கிளம்பிய அன்று அம்மா போய்ப் பதினோரு மாதம். மொத்தம் 152. 150-ஐத் தாண்டினால் உடம்புக்கு நோய் வரும் வாய்ப்பு கூடுகிறது என்று அவர்கள் கண்டார்கள். இது ரத்தப் பரிசோதனை மாதிரித் துல்லியமானது இல்லை. ஆனாலும், "வீடு மாறினதுக்குப் போய் இப்படியா" என்று யாராவது கேட்டால் இந்தக் கணக்கு உங்களுக்கு நினைவுக்கு வர வேண்டும்.

அவர் பக்கத்தை நான் கேட்கவில்லை, அதனால் கொஞ்சம்தான் சொல்ல முடியும். சாமான் கட்டிய களைப்போடு விடியற்காலை 4 மணிக்குக் கிளம்பி, ஒரே ஆளாக நாள்பூராவும் ஓட்டியிருக்கிறார். பதினேழு மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் கவனம், ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் இருப்பவரைப் போலத் தடுமாறுகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. வண்டி ஓட்ட நம் சட்டம் அனுமதிக்கும் அளவு 0.03தான். அந்தக் களைப்பில் வந்த வார்த்தைகளையும் அந்த "ம்"மையும் ஏழு வருட வாழ்க்கையின் தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சண்டையில் வாயை மூடிக்கொள்பவர்களைப் பற்றி ஜான் காட்மன் என்ற அமெரிக்க உளவியலாளர் நீண்ட காலம் ஆராய்ந்தார். வெளியே கல்லாக இருப்பவருக்கு உள்ளே இதயம் படபடவென்று அடித்துக்கொண்டிருக்கும், அப்போது காதில் எதுவும் ஏறாது, தணிய இருபது நிமிடமாவது வேண்டும் என்கிறார். இருபது நிமிடம் சரி. மூன்று மாதம் சரியில்லை. அதற்குள் அது பழக்கமாகிவிடும்.

அதனால், பொறுத்தால் சரியாகிவிடுமா என்று கேட்டதற்கு என் பதில்: ஆகாது. நீங்கள் பொறுப்பதை அவர் "பழகிட்டா" என்று நினைத்துக்கொள்வார்.

போய்விடவா என்றால், போங்கள். அம்மா இல்லாத அந்த வீட்டை நீங்கள் இன்னும் சரியாகப் பார்க்கவே இல்லை. திதியில் உட்கார்ந்து அழ வேண்டியவர், ஆயிரத்துச் சொச்சம் மைல் தள்ளி ஒரு போன் திரையில் பார்த்திருக்கிறீர்கள். அப்பாவோடு பத்து நாள் இருங்கள். அம்மாவின் புடவைகளை எடுத்து மடித்து வையுங்கள். ஆனால் கோபித்துக்கொண்டு போகாதீர்கள். போகும் டிக்கெட்டையும் வரும் டிக்கெட்டையும் சேர்த்தே எடுங்கள், அவருக்குத் தெரிந்தே எடுங்கள். அப்பா "வந்துடும்மா" என்பது பாசத்தில். அதை முடிவாக்க வேண்டியது நீங்கள், அதுவும் இரவு மூன்று மணி முழிப்பில் இல்லை.

கிளம்புவதற்கு முன்னால் அவரிடம் பேச வேண்டும். நீளமாக வேண்டாம், பழைய கணக்கெல்லாம் வேண்டாம். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "ஏங்க, நான் சண்டைக்கு வரல. இந்த ஊருக்கு வரணுமான்னு நீங்க என்னைக் கேட்கல. அது எனக்கு இன்னும் வலிக்குது. அம்மா செடிய விட்டுட்டு வந்தது அதைவிட வலிக்குது. நீங்க இப்பவே எதுவும் சொல்ல வேணாம். கேட்டாப் போதும்." நிறுத்திவிடுங்கள். அவர் எழுந்து போனாலும் பின்னாலேயே போகாதீர்கள். மறுநாளோ அதற்கு மறுநாளோ வருவார். வந்ததும், தனியாக முடிவெடுத்தபோது அவருக்கு என்ன பயம் இருந்தது என்று கேளுங்கள். நீங்கள் "வேண்டாம்" என்று சொல்லிவிடுவீர்களோ என்ற பயமா? டேனரி வேலை நிலைக்காது என்ற பயமா? இந்தக் கேள்வியை அவரிடமும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

அந்த 11 பெட்டிகளைப் பற்றி ஒன்று சொல்கிறேன், வருத்தப்படாதீர்கள். அதில் உங்கள் பங்கு இருக்கிறது. சாமான்களைப் பாதி பிரிக்காமலேயே வைத்திருப்பது, நான் இன்னும் வந்து சேரவில்லை என்று தினமும் அவரிடம் சொல்லும் ஒரு வழி. வாயால் சொல்ல முடியாததைப் பெட்டிகள் சொல்லிக்கொண்டிருக்கின்றன. எல்லாவற்றையும் பிரிக்க வேண்டாம். சமையல் சாமான் பெட்டி ஒன்றை மட்டும் பிரியுங்கள். உங்கள் கைக்குப் பழகிய கரண்டியாவது வெளியே வரட்டும்.

வேலை விஷயத்திலும் கதவு மூடிவிடவில்லை. ஜாஜ்மாவ் தோலுக்குப் பேர்போன இடம், எட்டு வருடம் ஷூவில் குறை கண்டுபிடித்த கண் அங்கே செல்லுபடியாகும். இந்தி தெரியாதே என்பீர்கள். ஆம்பூரில் உருது பேசும் தோழிகளோடு எட்டு வருடம் டிபன் பாக்ஸ் பகிர்ந்த காது உங்களுடையது. அதில் பாதி ஏற்கெனவே ஏறியிருக்கும், ஒரு மாதம் கடைத்தெருவுக்குத் தனியாகப் போய்ப் பாருங்கள்.

மூன்று மணி முழிப்பும், எதிலும் மனம் ஒட்டாமையும், பசியின்மையும் இரண்டு வாரத்துக்கு மேல் விடாமல் இருந்தால், அதைத் துக்கம் என்று மட்டும் விட்டுவிடக் கூடாது. மனநல மருத்துவரைப் பாருங்கள். 14416 அரசின் டெலி மானஸ் எண். இலவசம், எந்நேரமும் கிடைக்கும், தமிழிலும் பேசலாம். அவர் அடித்ததாகவோ பயமுறுத்தியதாகவோ நீங்கள் எழுதவில்லை. அப்படி ஏதாவது இருந்து விட்டுவிட்டீர்கள் என்றால், நான் மேலே எழுதியது பொருந்தாது. உடனே எனக்கு எழுதுங்கள், அப்பாவுக்கும் சொல்லுங்கள்.

குடியாத்தம் மரத்தின் வேரடியில் இப்போதும் கன்றுகள் வெடித்துக்கொண்டிருக்கும். கொஞ்சம் வேரோடு ஒன்றைப் பிரித்து, நிழலில் தொட்டியில் வைத்துத் தேற்றச் சொல்லித் தம்பியிடம் இன்றே சொல்லுங்கள். கான்பூர்க் குளிரில் கறிவேப்பிலை இலை உதிர்த்துவிட்டு நிற்கும், வெயில் வந்ததும் துளிர்க்கும். அதனால் மார்ச்சில் கொண்டுவந்து வைப்பது நல்லது. அடுத்த குளிருக்குள் கொஞ்சம் வேர் பிடித்துக்கொள்ளும்.

அதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பனி விலகிய பிறகு, பிட்டூர் வரை போய் வாருங்கள். கங்கைக் கரை, பக்கத்தில்தான். நேருக்கு நேர் உட்கார்ந்து பேச வராதவர்களுக்கு ஒரே சாலையைப் பார்த்தபடி பேசுவது சுலபமாக இருக்கும். கிளம்பும்போது சாவியைக் கேளுங்கள். நர்மதை வரை ஓட்டியதை நினைவுபடுத்துங்கள். முதுகு வலிக்காத ஒரு நாளில், விழித்துக்கொண்டே, அவர் பக்கத்து இருக்கையில் உட்காரட்டும். எப்படி இருந்தது என்று எழுதுங்கள்.