வரப்பு ஏறும்போது முன்சக்கரம் தூக்குகிறது, என்ன செய்ய?

கேள்வி: பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை பக்கம் எங்களுக்கு ஐந்து ஏக்கர் நெல் வயல். மாமனாருக்கு முட்டிவலி வந்ததிலிருந்து டிராக்டரை நான்தான் எடுக்கிறேன். 45 எச்.பி. வண்டி, டூ வீல் டிரைவ். ரோட்டில் ஓட்டிப் பழகிவிட்டேன். பின்னால் மாட்டிய ரோட்டவேட்டரோடு (சுழலும் கத்திகளால் மண்ணைக் கிளறும் கருவி) வரப்பு ஏறியபோது முன்சக்கரம் தூக்கிவிட்டது, பயந்து இறங்கிவிட்டேன். "நாலு வயல் ஓட்டினால் பயம் தானாகப் போய்விடும்" என்கிறார் மாமனார். இரண்டாம் போகத்துக்குச் சேற்றில் வேறு இறங்க வேண்டும். அவர் சொல்வது சரியா?

பதில்: அம்மணி, பாதி சரி. கிளட்ச், கியர், கருவியைத் தூக்கி இறக்கும் ஹைட்ராலிக் லிவர் பற்றிய தயக்கம் ஓட்ட ஓட்டப் போய்விடும். முன்சக்கரம் தூக்கினால் வருகிற பயம் மட்டும் போகக் கூடாது. அந்தப் பயம் போனவர்கள்தான் வண்டிக்கு அடியில் சிக்குகிறார்கள்.

பின்சக்கரம் மேடேற முடியாமலோ சேற்றில் புதைந்தோ நின்றுவிட்டால், அதைச் சுற்றுகிற எஞ்சின் விசை வண்டியின் முன்பாகத்தையே மேலே தூக்கும். ரோட்டவேட்டரின் எடையும் பின்னால் இழுக்கும். தூக்க ஆரம்பித்து முக்கால் நொடிக்குள் கிளட்ச் மிதிக்காவிட்டால், அப்புறம் மிதித்தும் பலனில்லை, வண்டி மல்லாந்துவிடும். யோசிக்கவெல்லாம் நேரம் இருக்காது, கால் தானாகப் போக வேண்டும். அதற்குத்தான் பழக்கம் வேண்டும். காய்ந்த, சமமான நிலத்தில் லோ கியரில் மெதுவாகப் போங்கள். மாமனாரைத் தள்ளி ஓரமாக நின்று, நினைத்த நேரத்தில் "நிறுத்து" என்று குரல் கொடுக்கச் சொல்லுங்கள். குரல் கேட்டதும் கிளட்ச் அடிவரை போய்விட வேண்டும். சலித்துப்போகும் வரை இதைச் செய்யுங்கள்.

வரப்பை அப்படியே ஏறாதீர்கள். மண்வெட்டியால் இரு பக்கமும் சரித்துத் தடம் போட்டுவிட்டு, குறுக்குச் சாய்வில் போகாமல் நேராக ஏறுங்கள். ரோட்டவேட்டர் மாட்டியிருந்தால் ரிவர்ஸில் ஏறுவதே நல்லது. எடை மேட்டுப் பக்கம் இருப்பதால் முன்சக்கரம் தூக்காது. வண்டியின் மொத்த எடையில் ஐந்தில் ஒரு பங்காவது முன்சக்கரத்தில் இருந்தால்தான் ஸ்டீயரிங் பேச்சுக் கேட்கும். உங்கள் வண்டிக்கு முன் வெயிட் கட்டைகள் போட இடம் இருக்கிறதா என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள்.

சேற்றில் புதைந்தால் நம் ஊர்களில் முதலில் தேடுவது ஒரு மரக்கட்டை. பின்சக்கரத்தில் கட்டையைக் கட்டி ஆக்சிலரேட்டர் கொடுப்பார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், யார் சொன்னாலும் செய்யாதீர்கள். சக்கரம் சுற்ற வழியில்லாமல் போனால் சுற்றுவது வண்டிதான். ரோட்டவேட்டர் ஓட்டத்தை நிறுத்தித் தூக்கிவிட்டு, சக்கரத்துக்குப் பின்னால் சேற்றை வெட்டி எடுத்து, ரிவர்ஸில் வெளியே வரப் பாருங்கள். வரவில்லையா, இன்னொரு டிராக்டரைக் கூப்பிடுங்கள். இழுக்கிற வண்டியில் சங்கிலியைத் தாழ்வாக இருக்கும் இழுவைக் கொக்கியில்தான் மாட்ட வேண்டும். டாப் லிங்க் (கருவியின் மேல்பக்கத்தை வண்டியோடு இணைக்கும் கம்பி) இருக்கும் உயரத்தில் மாட்டினால் காப்பாற்ற வந்த வண்டியே கவிழும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சேலைமேல் ஆண்கள் சட்டையைப் போட்டுக்கொண்டு வயலில் இறங்குவது நம் பெண்களின் வழக்கம். நாற்று நட அது போதும், ரோட்டவேட்டருக்குப் போதாது. எஞ்சின் விசையை ரோட்டவேட்டருக்குக் கொண்டுபோகும் பி.டி.ஓ. தண்டு நிமிடத்துக்கு 540 சுற்று, அதாவது நொடிக்கு ஒன்பது முறை சுற்றுகிறது. முந்தானை நுனி பட்டால் இழுத்து விடுவிக்க நேரம் கிடைக்காது. பேன்ட், கையை ஒட்டிய சட்டை, இறுக முடிந்த கொண்டை, இவை போதும். தண்டின் மேல் உறை உடைந்திருந்தால் மாற்றிவிட்டு ஓட்டுங்கள். கத்தியில் வைக்கோல் சுற்றினால் எஞ்சினை அணைத்து, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு இறங்குங்கள்.

ரோட்டுக்கு வரும்போது, இடது வலது பின்சக்கரங்களுக்குத் தனித்தனியாக இருக்கும் இரண்டு பிரேக் பெடலையும் சேர்த்துப் பூட்டுங்கள். ஒரு பக்கம் மட்டும் பிடித்தால் வேகத்தில் வண்டி சுழன்றுவிடும். மட்கார்டில் பிள்ளைகளை உட்கார வைக்கவே வேண்டாம்.

பட்டாம்பியில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்திலும் தவனூர் வேளாண் பொறியியல் கல்லூரியிலும் இயந்திரப் பயிற்சி எப்போது என்று விசாரியுங்கள். அதுவரை சேற்று உழவை வாடகை வண்டிக்கு விட்டுவிட்டு, காய்ந்த நிலத்து உழவை மட்டும் நீங்கள் செய்யுங்கள். ஒரு போகத்து வாடகை போனால் போகட்டும்.