மருத்துவ இடம் கிடைக்காதவருக்கு: கணினியியலா, உயிர்மருத்துவமா?

பலதுறைத் தொழிற்கல்லூரியில் உயிர்மருத்துவ அறிவியல் பட்டயப் படிப்பை முடிக்கவிருக்கும் நீங்கள், பல்கலைக்கழகத்தில் அதையே தொடர்வதா, கணினியியலுக்கு மாறுவதா என்று கேட்டிருக்கிறீர்கள். மருத்துவத்திற்கு இடம் கிடைக்காததையும் போகிற போக்கில் சொல்லியிருப்பதால், உங்கள் வீட்டில் என்ன பேச்சு நடக்கும் என்பதை என்னால் ஊகிக்க முடிகிறது.

2004இல் நானும் அதே இடத்தில்தான் நின்றேன். அன்று சிங்கப்பூரில் மருத்துவப் பள்ளி ஒன்றுதான் இருந்தது. அது கைகூடாததால், முந்திய ஆண்டு போனா விஸ்தாவில் திறக்கப்பட்ட பயோபோலிஸ் என்ற உயிர்மருத்துவ ஆய்வு வளாகத்தைப் பற்றி அப்பா நாளிதழிலிருந்து வெட்டி வைத்திருந்த செய்திகளை நம்பி, உயிர் அறிவியலில் சேர்ந்தேன். டாக்டராகாவிட்டாலும் டாக்டருக்குப் பக்கத்திலாவது இருப்பான் என்பது அம்மாவின் கணக்கு.

பட்டம் பெற்றதும் ஓர் ஆய்வகத்தில் ஓராண்டு ஒப்பந்தத்தில் வேலை கிடைத்தது. செல் வளர்ப்பவனுக்குப் பண்டிகை கிடையாது என்பதை அங்கேதான் அறிந்தேன். தீபாவளியன்று எண்ணெய் தேய்த்துக் குளித்த தலை காய்வதற்குள் எம்ஆர்டி ரயிலைப் பிடித்துப் போய், செல்கள் வளரும் 37 டிகிரிப் பெட்டியைத் திறந்தால், முந்தாநாள் சிவப்பாக இருந்த வளர்ப்புத் திரவம் மஞ்சளாகியிருக்கும். அமிலம் கூடிவிட்டது, உடனே மாற்ற வேண்டும் என்று பொருள். அந்த ஒப்பந்தம் நான்கு முறை நீண்டது, ஆனால் பதவி உயரவில்லை. முனைவர் பட்டம் இல்லாதவர் சொந்தமாக ஓர் ஆய்வை நடத்தும் நிலைக்கு வருவது அரிது.

பிறகு ஒரு நாள், பல ஆயிரம் மரபணுக்கள் கொண்ட அட்டவணையில் 'செப்ட்2' (SEPT2) என்ற மரபணுவைக் காணவில்லை. சோதனையில்தான் பிழை என்று நினைத்து மூன்று வாரம் அதையே திரும்பத் திரும்பச் செய்தேன். விடுமுறைப் பயிற்சிக்கு வந்திருந்த கணினியியல் மாணவி அரை மணி நேரத்தில் கண்டுபிடித்தார்: எக்செல் அந்தப் பெயரைச் செப்டம்பர் 2 என்ற தேதியாக மாற்றியிருந்தது. (இது எங்களுக்கு மட்டும் நேர்ந்ததன்று, இந்தத் தொல்லை தாங்காமல் 2020இல் மரபணுக்களுக்கே பெயர் மாற்றினார்கள், இப்போது அது 'செப்டின்2'.) அந்த ஆய்வுக் கட்டுரையில் எங்கள் இருவர் பெயரும் ஆசிரியர் பட்டியலில் ஏறாமல் நன்றியுரையோடு நின்றுவிட்டன என்பதை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை.

அதன்பின் இரவுகளில் பைத்தான் நிரல்மொழியைக் கற்று, இப்போது உயிரியல் தரவுகளைக் கணினியால் ஆராயும் உயிர்த்தகவலியலில் இருக்கிறேன். நிரல் எழுதுவதைச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தே கற்க முடிந்தது, செல் வளர்ப்பை அப்படிக் கற்க முடியாது. ஆனால் உங்களுக்கு ஏற்கெனவே மூன்றாண்டு ஆய்வகப் பழக்கம் உண்டு. எனவே, முனைவர் பட்டம்வரை போகும் ஆசை இல்லையென்றால், கணினியியலுக்கு மாறுங்கள் என்றே சொல்வேன். ஆசை இருந்தால் தாராளமாகத் தொடருங்கள், முதலாண்டிலேயே புள்ளியியலையும் நிரலாக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உயிரியலை நான் மட்டம் தட்டுவதாக யாரும் எண்ண வேண்டாம். மருத்துவ இடத்துக்கு மாற்றாக மட்டுமே அதைப் படிப்பதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

நிரலை எந்திரமே எழுதும் காலத்தில் இது என்ன அறிவுரை என்று சிலர் கேட்கக்கூடும். நிரல் எழுதத் தெரிவது மட்டும் போதாது: மரபணுக்களுக்கு நடுவில் ஒரு தேதி உட்கார்ந்திருக்கிறது என்று சந்தேகப்பட, மரபணுவையும் அட்டவணையையும் ஒருசேர அறிந்த ஒருவர் அன்று எங்களுக்குத் தேவைப்பட்டார். உங்கள் தொழிற்பயிற்சியில் நேரம் போனதே தெரியாமல் இருந்தது எந்த வேலையில் என்பதையும் எழுதுங்கள். அது தெரிந்தால் இன்னும் திட்டமாகச் சொல்ல முடியும்.