60 வயதுக்குப் பின் பெயர்கள் மறந்துபோவது டிமென்ஷியா எனப்படும் மறதிநோயின் தொடக்கமா? மூளையைக் காக்க என்ன செய்யலாம்?

பெயர் மட்டும் சட்டென நினைவுக்கு வராமல், அரை மணி நேரம் கழித்துத் தானாக வந்து நின்றால் அஞ்ச வேண்டியதில்லை. விவரங்களைக் கையாளும் வேகம் இளம் வயதிலேயே மெல்லக் குறையத் தொடங்குகிறது. சொல்வளமோ அறுபதுகள் வரைகூட வளர்கிறது. பலமுறை சென்ற வழியில் திகைத்து நிற்பதும், கேட்டது தெரியாமல் அதே கேள்வியை மீண்டும் கேட்பதும், பழகிய வரவு செலவுக் கணக்கில் தடுமாறுவதும்தான் மருத்துவரிடம் காட்ட வேண்டியவை. இவற்றை உடனிருப்பவர்களே பெரும்பாலும் முதலில் கவனிக்கிறார்கள்.

ஆனால் உடனிருப்பவர்களும் தவறலாம். என் தந்தைக்கு 72 வயதானபோது, காலையில் சொன்னதை மாலையில் ‘நீ சொல்லவே இல்லை’ என்று மறுத்ததால், மறதிநோய் என்று நாங்களே முடிவுகட்டிவிட்டோம். செவித்திறனைச் சோதித்த பிறகே, சொன்னவற்றில் பாதி அவர் காதில் விழவில்லை என்பதும், திரும்பக் கேட்கக் கூச்சப்பட்டுத் தலையாட்டியிருக்கிறார் என்பதும் புரிந்தன. அதற்குள் அவர்மீது எத்தனை முறை எரிந்து விழுந்திருப்போம்!

கேளாமை மறதிபோலத் தோன்றுவதோடு நிற்பதில்லை. லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2024இல் பட்டியலிட்ட, டிமென்ஷியாவுக்கு வழிவகுக்கும், மாற்றக்கூடிய 14 காரணிகளில் அதுவும் ஒன்று. இவை அனைத்தையும் களைய முடிந்தால், டிமென்ஷியாவில் சுமார் 45 விழுக்காட்டைத் தவிர்க்கவோ தள்ளிப்போடவோ இயலும் என்பது அதன் மதிப்பீடு. காது கேட்கும் கருவி எல்லோருக்கும் மூளையைக் காக்கும் என்று சொல்லிவிட முடியாது. 2023இல் வெளியான மூன்றாண்டு ஆய்வில் ஒட்டுமொத்தமாக வேறுபாடு தெரியவில்லை. ஆபத்துக் காரணிகள் மிகுந்த முதியவர்களிடம் மட்டும் அறிவுத்திறன் சரிவு ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது.

இரத்த அழுத்தத்தையும் நடுவயதிலிருந்தே கட்டுக்குள் வைக்க வேண்டும். மூளையின் நுண்ணிய இரத்தக் குழாய்கள் ஆண்டுக்கணக்கில் சிதைந்தாலும் வலியோ வேறு அறிகுறியோ தெரியாது. சர்க்கரை, கெட்ட கொழுப்பு, புகைப்பழக்கம் ஆகியவற்றுக்கும் இது பொருந்தும். நடைப்பயிற்சியின் நற்பயனில் ஒரு பங்கும் இரத்த ஓட்டத்தின் வழியாக மூளைக்குச் சேர்கிறது.

நினைவாற்றல் மாத்திரைகளில் எனக்கு நம்பிக்கையில்லை. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட முதியவர்களிடம் பல ஆண்டுகள் சோதித்தும், ஜிங்கோ என்ற மூலிகைச் சாறு டிமென்ஷியாவைத் தடுக்கவில்லை என்று 2008இல் தெரியவந்தது. குறுக்கெழுத்துப் போடுபவர் பெரும்பாலும் குறுக்கெழுத்தில்தான் தேர்கிறார். புதிய மொழியும் நாலு பேருடன் பேச்சும் அதைவிட மேல் என்பது என் எண்ணம்.

மருத்துவரிடம் செல்லும்போது, தூக்க மாத்திரை, ஒவ்வாமை மாத்திரை உட்பட, உட்கொள்ளும் மருந்துகள் அனைத்தையும் எடுத்துச் செல்லுங்கள்; அவற்றில் சில நினைவை மந்தமாக்கும். வைட்டமின் பி12 குறைபாடு, தைராய்டு சுரப்புக் குறைவு, மனச்சோர்வு ஆகியவற்றால் வரும் மறதி சிகிச்சையால் குறையக்கூடியது என்பதால், அவற்றையும் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள்.